சுடரில் கண்ணாடி வேலை: யாரும் தொடாத மணி மூன்றாவது நாள் ஏன் உடைகிறது?

பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேர வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். மேசையில் பொருத்திய ஒரு டார்ச், பென்சிலைவிடக் கொஞ்சம் ஒல்லியான வண்ணக் கண்ணாடிக் குச்சிகள், ஒரு எவர்சில்வர் கம்பி. முடிவில் இரண்டு மணிகள் கைக்கு வந்தன. ஒன்று நீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தது. இன்னொன்று வெறும் வெளிர் பச்சை, உள்ளே பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். இரண்டையும் ஆபீஸ் மேசையில் லேப்டாப் பக்கத்தில் வைத்திருந்தேன். புதன்கிழமை மதியம் 'டிக்' என்று ஒரு சத்தம். நீல மணி இரண்டாகப் பிளந்து கிடந்தது. யாரும் தொடவில்லை, கீழே விழவும் இல்லை.

இதை ஒரு கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளாமல் காரணத்தைத் தேடப் போனேன். தேடியதில் தெரிந்தது இதுதான்: நான் சுடரில் செய்தது பெரிய தப்பில்லை. சுடரை அணைத்த பிறகு நடக்க வேண்டிய ஒரு வேலை நடக்கவே இல்லை. முப்பது விநாடி ரீல்ஸில் நீங்கள் பார்ப்பது எல்லாம் முதல் பாதி. மணி உயிரோடு இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் இரண்டாம் பாதியை வீடியோ எடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் ஒன்றுமே அசையாது.

இந்த மாதிரி வார இறுதி வகுப்புகள் இப்போது பெரிய நகரங்களில் நடக்கின்றன. அடுத்த மாதம் நீங்களும் ஒன்றில் சேரலாம். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், இது என்ன வேலை?

கண்ணாடி ஊதுவது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பெரிய உலை, அதற்குள் உருகிக் கொதிக்கும் கண்ணாடி, நீளமான குழாயில் வாய் வைத்து ஊதும் ஆள். அது உலை வேலை. சுடர் வேலை வேறு. இங்கே உலை கிடையாது. ஏற்கெனவே செய்து வைத்த கண்ணாடிக் குச்சியையோ குழாயையோ எடுத்து, மேசை மேல் எரியும் ஒரு சுடரில் காட்டி, இளக்கி, உருவம் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரில் துருத்தியால் காற்றை ஊதிச் செய்தார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு 'லாம்ப்வொர்க்' என்ற பெயரும் நிலைத்தது. இன்று விளக்கின் இடத்தில் எரிவாயுவும் ஆக்சிஜனும் சேர்ந்த டார்ச். எல்பிஜி சாதாரணக் காற்றில் எரிந்தால் சுடர் அதிகபட்சம் 1,900 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே போகும். ஆக்சிஜன் சேர்த்தால் சுமார் 2,800 வரை.

கண்ணாடிக்கு, பனிக்கட்டிக்கு இருப்பதுபோல, உருகும் புள்ளி என்று ஒன்று இல்லை. சூடு ஏற ஏற மெல்ல மெல்ல இளகிக்கொண்டே போகும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் உங்களுக்கு இது உடனே புரிந்துவிடும். பாகில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று வருவதுபோல இதிலும் பதங்கள் உண்டு. வளையும் பதம், இழுபடும் பதம், சொட்டும் பதம். சர்க்கரைப் பாகு தீ ஏற ஏற இறுகும், கண்ணாடி இளகும், அது ஒன்றுதான் தலைகீழ். சுடர் வேலையின் கைத்திறன் முழுக்க இந்தப் பதத்தைக் கண்ணால் பார்த்துச் சரியான நேரத்தில் உள்ளே காட்டுவதும் வெளியே எடுப்பதும்தான்.

ஒரு மணி எப்படி உருவாகிறது?

கம்பியில் முதலில் களிமண் கலந்த ஒரு பூச்சைத் தடவிக் காய வைப்பார்கள். இது இல்லாவிட்டால் கண்ணாடி கம்பியோடு ஒட்டிக்கொண்டு வராது. பிறகு கண்ணாடிக் குச்சியைச் சுடருக்குக் கொண்டுபோக வேண்டும். புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. அவசரப்பட்டு நேராகச் சுடரின் நடுவில் நீட்டினால் நுனி பொட்டென்று தெறித்து, சூடான சில்லு மடியில் விழும். சுடரின் கடைசி நுனியில், இன்னும் ஒரு சாண் தள்ளிக்கூட, குச்சியைக் காட்டிக் காட்டி எடுத்துச் சூடேற்றியபின்தான் உள்ளே போக வேண்டும்.

குச்சியின் நுனி சிவந்து ஒரு சின்ன உருண்டையாகத் திரளும். அப்போது இன்னொரு கையில் இருக்கும் கம்பியும் லேசாகச் சிவக்க வேண்டும். உருண்டையைக் கம்பியில் தொட்டு, கம்பியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உருட்டினால் கண்ணாடி நூல் சுற்றுவதுபோல் சுற்றிக்கொள்ளும். குச்சியைச் சுடரால் அறுத்துவிட்டு, கம்பியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உருண்டை வடிவத்தை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. இளகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசையே அதை உருண்டையாக்கும். உங்கள் வேலை, புவியீர்ப்பு அதை ஒரு பக்கமாக இழுத்துவிடாமல் ஒரே சீராக உருட்டுவது. இரண்டு விநாடி நிறுத்தினால்கூடத் தொங்க ஆரம்பித்துவிடும்.

நல்ல மணியா என்று பார்க்கத் துளையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓரம் உள்ளே குழிந்து வழவழப்பாக இருக்க வேண்டும். கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் கோத்த நூலை ஆறு மாதத்தில் அறுத்துவிடும், அந்த இடத்திலிருந்தே விரிசலும் கிளம்பும். கண்ணாடி போதாமல் அகலமாகச் சுற்றிவிடுவதால் வரும் கோளாறு இது. எனக்கு முதல் நான்கு மணியும் இப்படித்தான் வந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

புள்ளி வைப்பதும் கோடு போடுவதும் அடுத்த கட்டம். மெல்லிய கோட்டுக்கு, இளகிய உருண்டையைச் சாமணத்தால் பிடித்து இழுத்து, ஊசி தடிமனில் ஒரு கண்ணாடி இழை செய்துகொள்ள வேண்டும். செம்பு கலந்த வெளிர்நீலக் கண்ணாடியில் இன்னொரு சங்கதி உண்டு. சுடரில் ஆக்சிஜன் குறைந்தால் அது செங்கல் நிறத்துக்கு, சாம்பல் படிந்ததுபோல் மாறிவிடும். கண்ணாடி மட்டமானது என்று பலர் குச்சியைத் திட்டுவார்கள். தவறு சுடரில் இருக்கும்.

எந்தக் கண்ணாடி?

இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மணி, வளையல், சின்ன பொம்மைகளுக்குப் பெரும்பாலும் சோடா கண்ணாடி. சீக்கிரம் இளகும், வண்ணங்கள் ஏராளம், ஆனால் திடீர்ச் சூட்டைத் தாங்காது. இன்னொன்று போரோசிலிகேட். உங்கள் சமையலறையில் போரோசில் கிண்ணமாகவும் கல்லூரி ஆய்வகத்தில் குடுவையாகவும் இருப்பது இதுதான். இதற்கு அதிகச் சூடு வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் வேலை நடக்காது. ஐஐடி போன்ற ஆய்வு நிறுவனங்களின் கண்ணாடி ஊதும் பிரிவுகளில் பிஎச்டி மாணவர் வரைந்து கொடுக்கும் படத்தைப் பார்த்து, கடையில் கிடைக்காத கருவியைக் குழாயை வளைத்தும் ஒட்டியும் செய்து தருபவர்கள் வேலை செய்வது இந்தக் கண்ணாடியில்தான். சொந்தக் கலை வேலை என்று பார்த்தால் நகைப் பதக்கம், கோலிக்குண்டு, இலை, பூ, சின்னச் சிற்பம் எல்லாம் இதில் வரும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். 30 செ.மீ. நீளமுள்ள குச்சி முழுவதையும் 500 டிகிரி சூடாக்கினால், மணி செய்யும் சோடா கண்ணாடி சுமார் 1.5 மி.மீ. நீளும். போரோசிலிகேட் 0.5 மி.மீ. மட்டுமே. கடைகளில் குச்சிக் கட்டின் மேல் 104, 96, 90, 33 என்று எண் போட்டிருப்பது இந்த விரிவைத்தான். எண் வேறான இரண்டு குச்சிகளை ஒரே மணியில் சேர்க்கக் கூடாது. சுடரில் இருக்கும்போது அழகாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கும், இன்னொன்று சுருங்காது, நடுவில் பிளக்கும். பழைய பாட்டிலை உடைத்து வண்ணக் குச்சியோடு கலக்கலாமா என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். வேண்டாம். பாட்டிலை மட்டும் தனியாக வைத்து வேலை செய்யுங்கள்.

சரி, என் மணி ஏன் உடைந்தது?

சுடரிலிருந்து எடுத்த மணி வெளியிலிருந்து உள்ளே நோக்கி ஆறும். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் இளக்கம். கொஞ்ச நேரம் கழித்து உள்பகுதி ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன வெளிப்பகுதி விடாது. இந்த இழுபறி அப்படியே உறைந்து மணிக்குள் தங்கிவிடும்.

எவ்வளவு இழுபறி? கண்ணாடியின் விறைப்பு, அதன் விரிவு எண், வெப்ப வித்தியாசம் மூன்றையும் பெருக்கினால் ஒரு தோராயம் கிடைக்கும். 100 டிகிரி வித்தியாசம் உள்ளே மாட்டிக்கொண்டால் சோடா கண்ணாடியில் 70 மெகாபாஸ்கலுக்கு மேல். கார் டயரில் நாம் நிரப்பும் அழுத்தத்தைப்போல முந்நூறு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ள சாதாரணக் கண்ணாடி 30 முதல் 50 மெகாபாஸ்கல் இழுவையிலேயே உடையக்கூடியது. அதே 100 டிகிரி, போரோசிலிகேட்டில் 20 சொச்சம்தான். அடுப்பிலிருந்து இறக்கிய போரோசில் பாத்திரம் பிழைப்பதும் சாதாரண டம்ளர் வெடிப்பதும் இதனால்தான்.

அப்படியென்றால் உடனே உடைந்திருக்கலாமே, ஏன் மூன்று நாள்? துளையின் ஓரத்தில் இருந்த ஒரு நுண்ணிய விரிசல் அந்த மூன்று நாளும் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. இழுவையில் இருக்கும் கண்ணாடியின் விரிசல் நுனியில் காற்றின் ஈரம் சேர்ந்து பிணைப்புகளைச் சிறுகச் சிறுக அறுக்கும். ஒரு அளவைத் தாண்டியதும் மிச்சம் ஒரு நொடியில் முடிந்துவிடும். சில மணிகள் மூன்று நாளில் போகும், சில மூன்று வருடம் கழித்து யாரோ ஒருவர் கழுத்தில் இருக்கும்போது போகும். பணம் வாங்கிக்கொண்டு விற்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது வகையை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வு கில்ன் என்கிற மின்சாரச் சூளை. செய்து முடித்த மணியைச் சூடு ஆறுவதற்குள் அதில் வைத்து, சோடா கண்ணாடி என்றால் 500 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, போரோசிலிகேட் என்றால் சுமார் 560 டிகிரியில் பிடித்து வைப்பார்கள். அந்தச் சூட்டில் மணி உருக்குலையாது, ஆனால் உள்ளே உள்ள இழுபறி தளர்ந்துவிடும். பிறகு பல மணி நேரம் எடுத்து மெதுவாக ஆற விட வேண்டும். மணி எவ்வளவு தடிமனோ அவ்வளவு நேரம். இதற்கு அனீலிங் என்று பெயர்.

நான் போன வகுப்பில் கில்ன் இல்லை. சூடான மணியை வெர்மிகுலைட் என்ற தவிட்டு நிறத் துகள் நிரம்பிய டப்பாவுக்குள் சொருகினார்கள். "உள்ள போட்டாச்சுங்க, இனி ஒண்ணும் ஆகாது" என்றார் சொல்லிக்கொடுத்தவர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வெர்மிகுலைட் மணியைக் கொஞ்சம் மெதுவாக ஆற வைக்கும். அதனால் அது அன்றைக்கே வெடிக்காமல் வீடு வரை வரும். அனீலிங் வேலையை அது செய்யாது.

பிழைத்திருந்த பச்சை மணியை வைத்து ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். லேப்டாப்பில் வெள்ளைத் திரையைத் திறந்துகொள்ளுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் முனைவாக்கப்பட்டது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரை கறுப்பாகும் வரை தலையைச் சாயுங்கள். இப்போது மணியைத் திரைக்கு முன் பிடியுங்கள். உள்ளே இழுபறி இல்லாத கண்ணாடி கறுப்பாகவே தெரியும். இருந்தால் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகப் பளிச்சிடும். ஒரு டம்ளர் தண்ணீருக்குள் மணியைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். என் பச்சை மணியின் துளையைச் சுற்றி நான்கு இதழ் மாதிரி வெளிச்சம். ஒளி புகாத மணிகளில் இந்தச் சோதனை பலிக்காது.

கண்ணும் மூச்சும்

சோடா கண்ணாடி சுடரில் பட்டதும் கண்ணைக் கூசும் மஞ்சள் ஒளி எழும்பும். கண்ணாடியில் உள்ள சோடியத்தின் ஒளி அது, தெருவில் இருந்த பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் அதே 589 நானோமீட்டர். அந்த வெளிச்சத்தில் கண்ணாடியின் பதமே தெரியாது. அதற்காகத்தான் டிடிமியம் மூக்குக்கண்ணாடி கொடுப்பார்கள், போட்ட நொடியில் மஞ்சள் காணாமல் போகும். மாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது வெட்டுவது அந்த மஞ்சளைத்தான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது பெரிதாகத் தடுக்காது. வருடக்கணக்கில் சுடரைப் பார்த்தவர்களுக்குக் கண்புரை வருவது மருத்துவப் புத்தகங்களில் பழைய சங்கதி, 'கண்ணாடி ஊதுபவர் புரை' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு என்றால் டிடிமியம் போதும். போரோசிலிகேட்டில் இறங்கினால், அல்லது வாரா வாரம் செய்யப்போகிறீர்கள் என்றால், அகச்சிவப்பையும் தடுக்கும் கருமையான வெல்டிங் வகைக் கண்ணாடி வேண்டும்.

அறையில் வெளியேற்றும் விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். சுடர் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் விடும், சில வண்ணக் குச்சிகளில் காட்மியம் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது, புகை உங்கள் மூக்கைத் தாண்டாமல் அந்தப் பக்கமே இழுக்கப்பட வேண்டும். மணியைக் கழற்றிய பிறகு துளைக்குள் ஒட்டியிருக்கும் பூச்சைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டுங்கள், உலர்ந்த தூளை மூச்சில் இழுக்க வேண்டாம். பருத்திச் சட்டை, கட்டிய முடி. பாலியஸ்டர் துப்பட்டா வேண்டவே வேண்டாம்.

ஆன்லைனில் டார்ச் வாங்கி அபார்ட்மென்ட் பால்கனியில், சமையல் சிலிண்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். எனக்கும் வந்தது. வீட்டு சிலிண்டரைச் சமையலுக்கு அல்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல், அது ஒருபுறம். ஆக்சிஜன் இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ இருந்தால் தானாகத் தீப்பிடிக்கும். சுடர் குழாய்க்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு இல்லாமல் ஆக்சிஜனையும் எரிவாயுவையும் இணைப்பது வீட்டில் செய்து பார்க்கும் காரியமல்ல.

உங்கள் கையில் இருக்கும் சுடர் வேலை

இவ்வளவு பாதுகாப்பு பேசிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. இந்தியாவில் சுடர் முன் உட்கார்ந்து கண்ணாடி வேலை செய்பவர்களில் ஸ்டுடியோ கலைஞர்கள் சொற்பம். ஆக்ராவிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கும் ஃபிரோசாபாத்தில்தான் பெருங்கூட்டம் இருக்கிறது.

வீட்டில் சாதாரணக் கண்ணாடி வளையல் இருந்தால் எடுத்து விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் லேசாக இடறும். உலையிலிருந்து எடுத்த கண்ணாடியை உருளையில் ஸ்பிரிங்போலச் சுற்றுவார்கள். அதை நீளவாக்கில் கீறி வெட்டினால் வாய் திறந்த வளையங்கள் உதிரும். இரண்டு நுனியும் ஒரே மட்டத்தில் இருக்காது என்பதால் சூடு காட்டி நேராக்க வேண்டும், பிறகு நுனிகளைச் சின்னச் சுடரில் இளக்கி ஒட்ட வேண்டும். இதற்கு அங்கே 'ஜுடாய்' என்று பெயர். உங்கள் விரலில் இடறியது அந்த இடம். ஒரு வளையலுக்கு ஒரு தடவை, ஒருவர் சுடர் முன் உட்கார்ந்து கையால் ஒட்டியது.

ஜுடாய் பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் நடப்பதில்லை. வீடுகளில், பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். கூலி, முந்நூறுக்கும் மேல் வளையல் கொண்ட ஒரு 'தோடா' கட்டுக்கு இவ்வளவு என்று. மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும் ஊரில் விசிறி போட முடியாது, சுடர் ஆடிவிடும். டிடிமியமும் கிடையாது, வெளியேற்றும் விசிறியும் கிடையாது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வளையல் உள்ளிட்ட கண்ணாடிப் பொருள் தயாரிப்பைக் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாத வேலைகளின் பட்டியலில் பெயர் சொல்லியே வைத்தது. ஆனால் வேலை நடக்கும் இடம் வீடு என்றால் எந்த ஆய்வாளர் கதவைத் தட்டுவது?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. 1996 டிசம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம், தாஜ்மஹாலைச் சுற்றியுள்ள 10,400 சதுர கி.மீ. பகுதியில் நிலக்கரி எரிக்கும் 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஃபிரோசாபாத்தும் அந்தப் பகுதிக்குள் வருகிறது. பளிங்கின் நிறம் கெடாமல் காக்க உலைகளின் எரிபொருளையே மாற்ற முடிந்தது. வீட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சுடர் எந்த உத்தரவின் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

மணிகளுக்கு என்று தனி ஊர்கள் உண்டு. வாரணாசியின் கண்ணாடி மணிகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கம்பியில் சுடரில் சுற்றும் முறை அங்கே பெரிய ஏற்றுமதித் தொழில். ஹாத்ரஸ் மாவட்டத்துப் புர்தில்நகரில் சுடருக்குப் பதில் சின்ன உலையிலிருந்தே கம்பியில் சுற்றுகிறார்கள். நம் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் கிடைத்தவை இந்த வகையா என்று கேட்பீர்கள். அரிக்கமேட்டுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பொடி மணிகள் வேறு முறை. கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி ஓரத்தை மழுக்குவார்கள். திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இதே இழுப்பு முறை நம் காலம் வரை வந்தது. அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

போவதென்று முடிவு செய்துவிட்டால்

பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: "கில்ன் இருக்கா? என் மணியை எப்ப கொடுப்பீங்க?" அன்றைக்கே கையில் கொடுப்போம் என்றால் யோசியுங்கள். மறுநாள் அல்லது கூரியரில் என்றால் நல்ல அறிகுறி. சொந்தமாகப் பழகத் தொடங்கினால் முதல் இரண்டு மாதம் வெறும் உருண்டை மணி மட்டும் செய்யுங்கள், ஒரே நிறத்தில், ஒரே அளவில் பத்து வரும் வரை. அப்புறம் புள்ளி, இழை, நிறமற்ற கண்ணாடிக்குள் நிறத்தைப் பொதிவது. இலையும் பூவும் அதற்குப் பிறகு வரட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 1887 முதல் 1936 வரை 4,300 மாதிரிகள் அளவுக்குக் கண்ணாடியிலேயே செடிகளையும் பூக்களையும் செய்து கொடுத்த லியோபோல்ட், ருடால்ஃப் பிளாஷ்கா என்ற தந்தையும் மகனும் மேசை விளக்குச் சுடரில்தான் வேலை பார்த்தார்கள். படங்களைத் தேடிப் பாருங்கள், ஒரு மாலை போய்விடும்.

ஏற்கெனவே இப்படி ஒரு வகுப்பில் செய்த மணி வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். உடையாத மணியைப் பிறகும் அனீல் செய்யலாம். குளிர்ந்த கில்னில் வைத்து, மெதுவாகச் சூடேற்றி, அந்தச் சூட்டில் பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள மண்பாண்ட ஸ்டுடியோக்களின் கில்னே போதும். என் பச்சை மணியை அப்படி ஒரு இடத்தில் கொடுத்து மறுநாள் வாங்கிவந்தேன். லேப்டாப் முன் பிடித்துப் பார்த்தபோது அந்த நான்கு இதழும் இல்லை. இப்போது அது வீட்டுச் சாவியோடு தொங்குகிறது.